பல்லாவரத்தின் பழமை எங்கே இருக்கிறது?

1863 மே 30 அன்று, பல்லாவரம் கன்டோன்மென்ட்டுக்கு அருகே சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்றிலிருந்து வெளியே கொட்டிய மண்ணில், செதுக்கிய கல் ஒன்று ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் கண்ணில் பட்டது. ஃபுட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்ற ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட செய்தி. கால் நூற்றாண்டு கழித்து அதே பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழைகளை வெளிப்படுத்தினார். நீளமான தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே மூடி. இறந்தவரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெருங்கற்காலப் பேழைகள் அவை.

இன்று இவற்றைப் பார்க்க விரும்புபவர் பல்லாவரத்தில் இறங்கிப் பயனில்லை. மின்சார ரயிலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இது சரியான ஏற்பாடா? ஓர் ஊரின் பழமையை அந்த ஊரில் பார்க்க வேண்டுமா, தலைநகரின் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டுமா, அல்லது வேறெங்காவதா? கேள்வி பழையது. தாம்பரம், பல்லாவரம், மாடம்பாக்கம், மணிமங்கலம் வட்டாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதற்குச் சொல்லப்பட்ட விடைகளைப் பரிசீலித்தால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிலவரத்தைக் கற்பனை செய்துகொண்டு எழுந்தது என்பது தெரியவரும். அந்த நிலவரம் புறநகரில் இல்லை என்பதே சிக்கல்.

எழும்பூரின் தரப்பு

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். மாகாணத்தின் பாறை, தாவரம், விலங்கு, சிற்பம் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் சேர்ப்பதே அன்றைய நோக்கம். ஃபுட் தம் வாழ்நாள் சேகரிப்பை 1904-இல் சென்னை அரசுக்கு விற்றார். அது எழும்பூருக்கு வந்தது. அவர் தொகுத்த பட்டியல் நூலும் குறிப்புகளும், அவர் 1912-இல் இறந்த பிறகு, 1914-இலும் 1916-இலும் அருங்காட்சியக வெளியீடுகளாக வந்தன.

மைய அருங்காட்சியகத்துக்கு ஆதரவான வாதத்தைக் காலனிய மனப்பான்மை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. பல்லாவரக் கல்லைக் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கிடைத்த கற்களுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று புரியும். பல்லாவரப் பேழையை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிட்டால்தான் தமிழ்நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் ஈமச்சடங்கு எப்படி மாறியது என்று கேட்கத் தோன்றும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1880-களில் அந்தப் பேழைகள் எழும்பூருக்குப் போகாமல் இருந்திருந்தால் அடுத்த நூறாண்டில் அவற்றின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

பலவீனமும் அங்கேயேதான். பொருள் போன பிறகு ஊருக்கு அதனோடு உறவு அறுந்துவிடுகிறது. பல்லாவரத்தில் வாரச்சந்தைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கல்லையும் பேழைகளையும் பற்றித் தெரியும் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஊருக்குள் இதை நினைவூட்டுவது ஏதுமில்லாதபோது, தெரியாமல் போனதற்கு ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

‘இருந்த இடத்திலேயே இருக்கட்டும்’

எதிர்த்தரப்பும் பழையதுதான். இத்தாலியின் கலைச்செல்வங்களை பிரெஞ்சுப் படைகள் பாரிஸுக்கு வாரிச் சென்ற 1796-இல், பிரெஞ்சுக்காரரான காத்ரமேர் த கன்சி அதைக் கண்டித்து எழுதினார். சுற்றுப்புறத்திலிருந்து பிடுங்கிய சிற்பம் பாதிப் பொருள்தான் என்பது அவர் கட்சி. இந்தியாவில் அந்தக் கட்சியை நடைமுறையில் காட்டியவர் ஹென்றி ஹார்டி கோல். சாஞ்சியின் தோரண வாயிலைப் பெயர்க்காமல் 1869-70-இல் அதற்குச் சாந்து வார்ப்பு எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். மூலம் ஊரில், நகல் பயணத்தில். பின்னர் ஜான் மார்ஷல் தலைமையில் தொல்லியல் துறை அகழாய்வுத் தலங்களுக்கு அருகிலேயே அருங்காட்சியகம் கட்டும் வழக்கத்தை ஏற்றது. 1910-இல் சாரநாத்தில் எழுந்தது அந்த வழக்கத்தின் முன்னோடி.

தமிழ்நாட்டில் இந்தக் கருத்து வலுப்பெற்றது அண்மையில்தான். ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியரான யாகோர் 1876-இல் எடுத்தவை பெர்லினுக்கும், ரீ 1899 முதல் 1905 வரை எடுத்தவை எழும்பூருக்கும் போனது நெடுநாள் மனக்குறை. 2020 மத்திய நிதிநிலை அறிக்கையில் அங்கே தல அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டது. கீழடிப் பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோவதை எதிர்த்து 2016-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2023 மார்ச் 5 அன்று கீழடியிலேயே மாநில அரசின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கிடைத்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது இன்று ஆய்வாளரின் கொள்கை மட்டுமல்ல, அரசியல் கோரிக்கையும்கூட.

இந்தத் தரப்பின் மிக வலுவான சான்று உணர்ச்சியைச் சார்ந்ததல்ல. பல்லாவரத்துக் கல்லுக்குச் சில மாதங்கள் கழித்து, 1863 செப்டம்பரில், ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தைக் கண்டார்கள். கற்கருவிகள் அங்கே படிவுகளுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தன, அந்தப் படிவுகளும் பிழைத்தன. அதனால் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு மறுபடி அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவிக்க முடிந்தது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டியது என்று 2018-இல் சொல்ல முடிந்தது. கல்லை மட்டும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்து நிலத்தை விட்டிருந்தால் இந்த இரண்டு முடிவுகளும் கிடைத்திருக்கமாட்டா. கேள்வி கேட்பவருக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்தும் பதில் சொல்வது பொருளைவிட மண்.

ஆனால் பல்லாவரத்துக்கு இந்த வாதம் எவ்வளவு பொருந்தும்? ஃபுட் அந்தக் கல்லை எடுத்ததே தோண்டிக் கொட்டிய மண்ணிலிருந்து. அடுக்கு அப்போதே கலைந்திருந்தது. ‘இருந்த இடத்திலேயே’ என்று சொல்வதற்கு இடம் இருக்க வேண்டும். கீழடியில் தென்னந்தோப்பு இருந்தது, ஆதிச்சநல்லூரில் பறம்பு இருக்கிறது. பல்லாவரத்தில் இருப்பது வீட்டுமனைகள்.

நூறு மீட்டர்

இங்கேதான் விவாதம் ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்குகிறது. ஜமீன் பல்லாவரத்தில் தொல்மேடு ஒன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற விதி 1992 அறிவிக்கையில் வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான 2010 திருத்தம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. நூறு, இருநூறு என்ற இந்த எண்கள் தாஜ்மகாலுக்கும் அதேதான், பல்லாவரத்து மேட்டுக்கும் அதேதான்.

நடுத்தரக் குடும்பம் ஒன்று மனை வாங்கியிருக்கிறது. பத்திரம், பட்டா எல்லாம் சரி. திட்ட அனுமதிக்குப் போனால் தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். மாடி எடுக்க முடியாது. இடித்துக் கட்ட முடியாது. வங்கி கடன் தராது. விற்கலாம் என்றால் விலை படியாது. எதைப் பாதுகாக்கத் தங்களை முடக்குகிறார்கள் என்று அவர்கள் போய்ப் பார்த்தால், தெரிவது ஒரு மேடும் துறையின் நீலப் பலகையும். கண்ணால் பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்காக ஏன் இத்தனை தொல்லை என்ற அவர்கள் கேள்வியை அறியாமை என்று தள்ளுவது எளிது, நியாயமல்ல.

மறுபக்கமும் உண்டு. பெருங்கற்கால ஈமக்காடு மேட்டோடு முடிவதில்லை. வேலி போட்ட பரப்புக்கு வெளியே, அந்த மனைகளின் அடியில், திறக்காத பேழைகள் இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. நூறு மீட்டர் என்பது குருட்டு அளவுகோல்தான். ஆனால் அளவுகோலே இல்லாத புறநகர்ப் பகுதிகளில் எது மிஞ்சியது என்று பார்த்தால், தொல்லியலாளரின் பிடிவாதத்துக்கும் காரணம் இருப்பது தெரியும். விதியில் உள்ள குறை அது கடுமையாக இருப்பது என்பதைவிட, அந்தக் கடுமையின் செலவு முழுவதையும் மேட்டுக்குப் பக்கத்தில் மனை வாங்கிய சிலர் தலையில் கட்டுவது என்றே படுகிறது. சாலை அகலமாக்க நிலம் விடுபவருக்கு வேறிடத்தில் கூடுதல் கட்டட உரிமை தரும் ஏற்பாடு நம் நகரமைப்பு விதிகளில் இருக்கிறது. தொல்மேட்டுக்காக உரிமையை இழப்பவருக்கு அதுபோல ஒன்று ஏன் கூடாது என்பது கேட்கத் தகுந்தது.

கும்பிடுவதால் பிழைத்தவை

மூன்றாவது தரப்பு அருங்காட்சியகத்தையும் வேலியையும் ஒன்றுபோலச் சந்தேகிக்கிறது. பயன்பாடே நல்ல காவல் என்பது அதன் வாதம். தென்புறநகரில் இதற்குச் சான்று நிறைய.

பல்லாவரத்திலேயே மகேந்திரவர்மன் குடைவித்த ஐந்து கருவறைக் குடைவரை ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. மன்னனின் பட்டப்பெயர்களைப் பொறித்த கல்வெட்டு அதில் உண்டு. கே. ஆர். சீனிவாசன் 1964-இல் வெளியிட்ட பல்லவர் குடைவரை நூலில் அதற்கு இடம் உண்டு. இன்று அது தர்கா. சுற்றியிருந்த குன்றுகளைக் கல்குவாரிகள் தின்ற வட்டாரத்தில் இந்தக் குடைவரை நிலைத்ததற்கு அங்கே ஃபாத்திஹா ஓதப்படுவது ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. பல சமயத்தாரையும் ‘மத்தவிலாசம்’ நாடகத்தில் கிண்டலடித்த மன்னன் இதைக் கண்டால் சினந்திருப்பானா சிரித்திருப்பானா என்று தெரியாது. சிரித்திருப்பான் என்றே தோன்றுகிறது.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் வேறு வகை. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட விமானம். சோழர் காலக் கல்வெட்டுகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ராகுகாலம் பிறந்ததும் கூட்டம் கூடுவது விமானத்தைப் பார்க்க அல்ல, தூணில் உள்ள சரபேஸ்வரருக்காக. அந்தத் தூணைச் சிற்பமாகப் பார்ப்பவருக்கும் சாமியாகப் பார்ப்பவருக்கும் அதை எப்படி நடத்துவது என்பதில் கருத்து வேறுபடும். எண்ணெய், சந்தனம், விளக்குப்புகை துறைக்கு ஆகாதவை. அவை இல்லாவிட்டால் பக்தருக்கு அது வெறும் தூண். துறையின் நிபந்தனைகள் கோயிலை உறைய வைக்கின்றன என்ற புகாரும், அவை இல்லாத கோயில்களில் குடமுழுக்குத் திருப்பணி கல்வெட்டுகளைக் காவு வாங்குகிறது என்ற புகாரும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கக்கூடும். மணல்வீச்சில் எழுத்து மழுங்கிய தூண்களைத் தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கலாம்.

பயன்பாட்டுக் கட்சியின் எல்லை இதிலேயே தெரிகிறது. கும்பிடப்படுவது பிழைக்கும், கும்பிடப்படாதது? ஈமப்பேழைக்குப் பூசை இல்லை, கற்கோடரிக்கு உண்டியல் இல்லை.

மணிமங்கலம் இன்னொரு முடிச்சு. முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு அதன் பெயரைச் சொல்கிறது. போரின் தடயம் எதையும் ஊரில் காண முடியாது. அங்கே காணக் கிடைப்பது இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சோழர் கல்வெட்டுகள். கூடல்சங்கமப் போரை விவரிக்கும் வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தி அவற்றுள் ஒன்று. கல்வெட்டாய்வாளர் ஹுல்ச் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். கல் ஊரில் இருக்கிறது, வாசகம் நூலகத்தில் இருக்கிறது; தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளோ நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. ‘இருந்த இடத்திலேயே’ என்ற கோரிக்கை இங்கே நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் சுவர்முன் நிற்பவர் அதைப் படிக்க வழியில்லை. பொருள் ஊரில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்த வட்டாரத்தில் இல்லை.

பெயர்த்துக் கட்டிய வீடுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா நான்காவது விடை. இதன் மூதாதை ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் 1891-இல் திறந்த ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம். தட்சிணசித்ராவின் தொடக்க வடிவமைப்பில் லாரி பேக்கருக்கும், பிறகு பென்னி குரியகோஸுக்கும் பங்குண்டு. இடிபடவிருந்த பழைய வீடுகளைத் தென்மாநிலங்களில் வாங்கி, கட்டை கட்டையாகப் பிரித்து, இங்கே மறுபடி எழுப்பினார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கும் கேரளத்து வீட்டுக்கும் இடையே நடந்தே போகலாம்.

தூய்மைவாதிகள் இதை மேடைக்காட்சி என்பார்கள். பக்கத்து வீடு, குளம், வயல் இல்லாத வீடு வீடாகுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவும் சக்கரத்தில் மண்ணைத் தொடவும் முடிகிற இடம் இது. எழும்பூரின் கண்ணாடிக்குள் அது நடக்காது. மிச்சம் ஒரு குறை, தட்சிணசித்ராவின் குறையல்ல: தென்னிந்தியாவின் வீடுகளைக் காட்ட ஓர் இடம் கிடைத்த இந்தப் பகுதியில், இந்தப் பகுதியின் கதையைச் சொல்ல ஓர் அறைகூட இல்லை.

யாரும் கோராத மலை

மேற்கண்ட தரப்புகள் எல்லாமே பொருளை அல்லது கட்டடத்தைப் பற்றியவை. நிலத்தோற்றம் யாருடைய பொறுப்பு? கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடிய கல் பல்லாவரம்–பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது. தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறைவகைக்கு சார்னாக்கைட் என்று பெயரிட்டார். கல் இந்த ஊருடையது, பெயர் அந்தக் கல்லறைக்குரியவருடையது. உலக நிலவியல் பாடநூல்களில் இடம்பெற்ற அந்தப் பாறையைத் திரிசூலம், பம்மல் குவாரிகள் ஜல்லியாக்கி விற்றன. 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரிக் குட்டைகளின் நீரைச் சென்னைக்குக் குடிக்க எடுத்தார்கள். குவாரிக் குழியையும் இப்பகுதி வரலாற்றின் ஆவணமாகப் படிக்கலாம்.

லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையில் தொடங்கிய அடிக்கோட்டு அளவையும் அப்படித்தான். இந்தியா முழுவதையும் அளந்த முக்கோண அளவையின் முதற்கோடு, ஏழரை மைல் நீண்டு பெரும்பாக்கம் குன்றில் முடிந்தது. அந்தக் கோட்டின்மேல் இன்று அடுக்குமாடிகள். கோட்டை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது?

தீராதவை

எழுபதுகளின் தொடக்கத்தில் பிரான்சில் ரிவியேரும் ஹுய்க் த வரினும் முன்வைத்த சூழல் அருங்காட்சியகக் கருத்து இதற்கு ஒரு வழி காட்டுகிறது: கட்டடம் வேண்டாம், ஊர்ப்பரப்பே அருங்காட்சியகம், ஊராரே காப்பாளர். தாம்பரம் வட்டாரத்தில் இதை எண்ணிப் பார்க்க 2021-க்கு முன் ஆளில்லை. அந்த ஆண்டு தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் மாடம்பாக்கம், திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. ஃபுட்டின் குழி, ரீயின் ஈமக்காடு, மகேந்திரன் குடைவரை, தேனுபுரீஸ்வரர் எல்லாம் இப்போது ஒரே உள்ளாட்சியின் எல்லைக்குள். ஆனால் ஊரார் யார் என்ற கேள்வி நிற்கிறது. நேற்று வேலைக்காக வந்து மனை வாங்கியவரும், தலைமுறையாக இருப்பவரும் இந்தப் பழமையைத் தமது என்று ஒரே அளவில் நினைப்பார்களா என்பது சோதிக்கப்படாத விஷயம்.

மூலங்களை எழும்பூரிலிருந்து திரும்பக் கேட்பதற்கான வாதம், தற்போதைய நிலையில், பல்லாவரத்தைப் பொறுத்தவரை வலுவாக இல்லை. வைக்க இடமும் காக்க ஆளும் முதலில் வேண்டும். கோல் சாஞ்சியில் செய்ததைத் தலைகீழாக்கலாம்: மூலம் நகரத்தில் இருக்க, பேழையின் நகல் ஒன்று பல்லாவரம் ரயில் நிலையத்திலோ மாநகராட்சி அலுவலகத்திலோ நிற்கலாம். மணிமங்கலச் சுவருக்குப் பக்கத்தில் மெய்க்கீர்த்தியை இன்றைய எழுத்தில் எழுதி வைக்கலாம். இவை மலிவானவை, சர்ச்சைக்கு இடமில்லாதவை.

கடினமானது மண்ணுக்கு அடியில் இருப்பது. பல்லாவரத்தில் அஸ்திவாரத்துக்கு வெட்டும் ஒவ்வொரு குழியும் தெரியாமலே ஓர் அகழாய்வு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில், பானை ஓடு தட்டுப்பட்டதைச் சொன்னால் வேலை நிற்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும், மனைக்காரருக்கும் தெரியும். சொல்பவருக்கு நஷ்டம், மூடிவிட்டு கான்கிரீட் ஊற்றுபவருக்கு நிம்மதி என்று விதிகள் இருக்கும்வரை எது கிடைத்தது என்ற பதிவே உருவாகாது. குழி வெட்டும் முன் இரண்டு நாளில் வந்து பார்த்து, வரைந்து, படமெடுத்து, வேலையைத் தொடரவிடும் ஒரு குழுவை மாநிலத் தொல்லியல் துறையோ மாநகராட்சியோ வைத்துக்கொள்ள முடியுமா, அதன் செலவு கட்டட அனுமதிக் கட்டணத்தில் சேருமா அரசின் கணக்கில் போகுமா என்பவை இனிமேல்தான் விவாதிக்கப்பட வேண்டும்.